நின்ற நேரம்

மீட்டர்காரர் எந்த மூடியையும் காலால் தள்ளி மூடியதில்லை. தண்ணீர் மீட்டர்கள் சுவரோரம் சின்னக் குழியில் இருக்கும். மேலே ஓர் இரும்பு மூடி. மற்ற ஆட்கள் எண்ணைப் பார்த்ததும் செருப்புக் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இவர் கொக்கிக் கம்பியால் மூடியைத் தூக்குவார், குனிவார், சட்டைப் பையிலிருக்கும் துணியால் கண்ணாடியைத் துடைப்பார், எண்ணை இரண்டு முறை படிப்பார், எழுதுவார். பிறகு தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போர்த்துவதுபோல மூடியை இறக்குவார். ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு. முப்பத்தோரு வருடம். அலுவலகத்தில் ஒரு சைக்கிளாவது வாங்கிக்கொள்ளச் சொன்னபோது, "நம்ம நடராஜா சர்வீஸ் இருக்கே" என்று தொடையைத் தட்டிக் காட்டினார்.

படிப்பு எட்டாவதோடு சரி. மீட்டரைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கழித்துப் போட்ட மீட்டர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரித்து, பல்சக்கரம் பல்சக்கரமாகத் தட்டில் பரப்பி, மறுபடி பூட்டித் தானாகக் கற்றுக்கொண்டார். பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கு மற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தபடியே போன மாதத்து எண்ணோடு கொஞ்சம் கூட்டிப் போட்டுவிடுவார்கள். இவர் மூன்று முறை போவார். மூன்றாம் முறையும் பூட்டு என்றால் 'பூட்டு' என்று எழுதுவார். இல்லாததை எழுத அவர் பேனாவுக்கு வராது.

சண்டைக்கு வருகிறவர்களை அடக்க அவரிடம் ஒரு சோதனை இருந்தது. "வீட்ல இருக்குற எல்லாக் குழாயையும் மூடிட்டு வாங்க" என்பார். மீட்டருக்குள் எண்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போல ஒரு சின்னச் சக்கரம் உண்டு. ஒரு சொட்டு தண்ணீர் போனாலும் அது அசையும். குழாய்களை மூடியதும் சக்கரம் அப்படியே நிற்கும். "பாத்தீங்களா? தண்ணி ஓடினா ஓடும், நின்னா நிக்கும். நிக்கிறப்ப ஓடினாத்தான் அது கெட்ட மீட்டர். நம்ம மீட்டர் பொய் சொல்லாது."

இதற்கு மசியாதவர் ஒருவர்தான். எழுபத்து நாலாவது வீட்டுத் தையல்காரம்மா. தனியாக இருப்பவர், தெருவைப் பார்த்த ஜன்னலோரம் மிஷின் போட்டிருப்பவர். ஒன்பது வருடமாக மாதா மாதம் ஒரே புகார்.

"தண்ணி வர்றதுக்கு முன்னாடியே ஓடுது சார். காலைல அஞ்சரைக்கு வந்து கொஞ்ச நேரம் நின்னு பாருங்க."

"எனக்கு நூத்திருபது வீடும்மா. ஒவ்வொரு வீட்லயும் நின்னா விளங்கினாப்லதான்."

சோதனை செய்து, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்.

அந்த நடைக்குத்தான் ஆறு வருடத்துக்கு முன் கண் பட்டது. ஒரு நாள் நாலு வீடு தாண்டியதும் வலது கெண்டைக்காலை யாரோ உள்ளேயிருந்து ஈரத்துணியைப் பிழிவதுபோல் பிழிந்தார்கள். அப்படியே நின்றார். ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம். வலி போன இடம் தெரியவில்லை. மறுபடி நடந்தார்; மறுபடி பிழிந்தது. நாளாக ஆக, நூற்றிருபது மீட்டர் தூரத்துக்கு ஒரு முறை என்று வலி தனக்கென ஒரு கணக்கு வைத்துக்கொண்டது.

நடக்கமாட்டாதவன் என்று பேரெடுத்தால் வேலை போனது மாதிரிதான். சும்மா நின்றால் நாய் குரைக்கும், "யாருங்க அது?" என்று ஜன்னல் திறக்கும். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கால் பிடித்துக்கொண்டதும் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொள்வார். சிகரெட் பிடிப்பவன் நிற்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு நாளைக்கு நாலு பிடித்தவர் பதினைந்துக்குப் போனார். கால் ரத்தக்குழாயை அடைத்ததே அந்தப் புகைதான் என்று பிறகு டாக்டர் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. நொண்டியை மறைக்க வாங்கிய திரையே நொண்டியை வளர்த்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனது மனைவி. கடைக்குப் போகும் வழியில் அவர் நாலு இடத்தில் நின்றதைப் பார்த்துவிட்டாள். "பாத்திரக் கடையில அப்படி என்னத்தப் பாக்குறீங்க? கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல ஒரு கரண்டி வாங்கித் தந்ததில்ல" என்றாள். பாதி வழியில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

டாக்டர் கால் நாடியைத் தொட்டுப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே தேடித் தேடிப் பார்த்தார். "உங்களுக்குச் சொல்லணுமா? பழைய குழாய்ல உப்பு படிஞ்சா தண்ணி எப்படி வரும்? அதான் இதுவும். மெல்லிசா ஒரு கம்பி விட்டுத் திறந்துடலாம். ஆனா இந்தத் தடவை பதினாலு பேருக்குத்தான் இடம். இருநூறு மீட்டருக்குள்ள நின்னுடறவங்களுக்கு முதல்ல. மத்தவங்க ஆறு மாசம் கழிச்சு."

ஆஸ்பத்திரி நடைபாதையில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். நூற்றிருபது. ஆனால் டாக்டர் அதை நம்பவில்லை. நடைபாதையில் ஆட்கள் பதறுவார்கள், சிலர் நடிப்பார்கள். வெளியே, திறந்த மைதானத்தில், தன் போக்கில் நடப்பதுதான் உண்மை அளவு என்றார். அதற்கு ஒரு கருவி வந்திருக்கிறதாம்.

கருவியைக் கொடுக்க மாடியில் ஒரு சிறிய அறை. அங்கே ஓர் இளம் பெண், எதிரே இருபத்தோரு பேர். மீட்டர்காரருக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், அவருக்கும் இதே கால், இதே அடைப்பு.

"இதுல ஜிபிஎஸ் இருக்கு. இடுப்புல மாட்டிக்குங்க" என்றாள் கருவிக்காரப் பெண். "செயற்கைக்கோள் உங்க இடத்த நொடிக்கு நொடி குறிச்சுக்கும். மைதானத்துல மூணு நாள் காலைல, ஒரு மணி நேரம் நடங்க. வலி வந்தா நில்லுங்க. போனதும் நடங்க. இந்த பட்டனை அமுக்கினா ஓடும், பச்சை லைட் மின்னும். மறுபடி அமுக்கினா நிக்கும். அவ்வளவுதான். அடுத்தவங்க வாங்க."

டிரைவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீட்டரண்ணே, வானத்துலேர்ந்து நம்ம கெண்டைக்காலப் பாக்குதாம். கலிகாலம். நான் சொல்றேன் கேளுங்க. பதினஞ்சு அடிக்கு ஒருக்கா நின்னுடுங்க. வலிச்சாலும் நில்லுங்க, வலிக்காட்டியும் நில்லுங்க."

"அது பொய்க் கணக்குல்ல?"

"என்ன பொய்? எனக்கு நிக்கிறதுதான் வேலையே. ஸ்டாப் இல்லாத பஸ் எங்கயாவது உண்டா?"

டீக்கடையில் உட்கார்ந்து எண் போடுகிறவர்களைப் பார்க்கும் அதே பார்வையால் மீட்டர்காரர் அவரைப் பார்த்தார்.

மறுநாள் காலை மைதானத்துக்கு மனைவியும் வந்தாள். அவள் சிமென்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் கருவியை இடுப்பில் மாட்டி, பட்டனை அமுக்கி, நடந்தார். மைதானத்தின் ஒரு பக்கம் முடிந்து மூலை திரும்பியதும் கால் பிடித்தது. நின்றார். குனிந்து பார்த்தார். பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

அவருக்குச் சுருக்கென்றது. நான் நிற்கிறேன், இது ஓடுகிறது. குழாயை மூடிய பிறகும் சுற்றுகிற சக்கரம். நடை அளக்க வந்த மீட்டருக்கு நிற்கும்போது என்ன வேலை? நடக்காத நேரத்தையெல்லாம் இது நடை என்று கூட்டிக்கொண்டே போனால் ஆஸ்பத்திரிக்குப் போவது பொய் ரீடிங் இல்லையா? அவர் பட்டனை அமுக்கினார். விளக்கு அணைந்தது. வலி தணிந்தபின் மறுபடி அமுக்கிவிட்டு நடந்தார்.

அந்த ஒரு மணி நேரத்தில் பதினேழு முறை நின்றார். பதினேழு முறையும் ஒரு நொடி பிசகாமல் அணைத்தார், ஏற்றினார். மூன்றாம் சுற்றில் பெஞ்சைக் கடக்கும்போது மனைவி கேட்டாள்.

"அப்பப்ப என்னத்தப் போட்டு அமுக்குறீங்க?"

"நிக்கிறப்ப நிறுத்துறேன்."

"அந்தப் பொண்ணு அப்படியா சொல்லுச்சு?"

"சொல்லணுமா? முப்பத்தோரு வருஷம் மீட்டர் பாத்தவனுக்கு மீட்டர் வைக்கத் தெரியாதா?"

"ஒரு வார்த்த கேட்டுட்டா கிரீடம் சரிஞ்சுடுமா?"

"நீ சும்மா இரு."

மூன்று காலையும் அப்படியே அளந்தார். இவ்வளவு சுத்தமாக ஒரு ரீடிங்கை அந்த ஆஸ்பத்திரிக்கு யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள் என்று அவருக்குள் ஒரு மிதப்புகூட இருந்தது. கருவியைத் துணியால் துடைத்துத்தான் திருப்பிக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அட, பிரமாதமா நடந்திருக்கீங்களே! ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது மீட்டர். ஒரு இடத்துல கூட நிக்கல. மூணு நாளும் இதே மாதிரிதான்."

"நின்னேனே டாக்டர்."

"இதுல இல்லையே."

"பதினேழு தடவ நின்னேன். நிக்கிறப்பல்லாம் மிஷின நிறுத்திட்டேன்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கதவுக்கு வெளியே இருபது பேர். "கால் நல்லாருக்குன்னா ஆளுங்க சந்தோஷப்படுவாங்க, நீங்க என்ன வருத்தப்படுறீங்க? நடங்க. தினம் நடங்க. நடையே மருந்து. ஆறு மாசம் கழிச்சு மறுபடி அளப்போம். மிஷின் விஷயமெல்லாம் மாடியில கேளுங்க."

மாடிக்கு முப்பத்தாறு படி. நடுவில் இரண்டு முறை நின்று ஏறினார். கருவிக்காரப் பெண் திரையில் அவர் பதிவைத் திறந்து காட்டினாள். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஒரு நீலக் கோடு, அறுபடாத கோடு.

"ஒரு மணி நேரம் சொன்னேன், முப்பத்திமூணு நிமிஷம்தான் இருக்கு" என்றாள். "பரவால்ல, அதுவே போதும்னு எடுத்துக்கிட்டோம்."

"அந்த மிச்சம் இருபத்தேழு நிமிஷம்தாம்மா நான் நின்னது! நடந்தத விடும்மா, அதத்தான நீங்க பாக்கணும்?"

அவள் ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. "ஆமாய்யா" என்றாள், "ஆனா அணைச்சுட்டா மிஷின் நேரத்தயும் குறிக்காது, நடந்தத மட்டும் ஒட்டிக்கும். அது பதிவுல இல்லையே. பதிவுல இல்லாதத நான் எப்படி எழுத முடியும்?"

முப்பத்தோரு வருடம் வீட்டு வாசல்களில் தன் வாயால் சொன்ன வார்த்தை. அதற்கு மறுவார்த்தை கிடையாது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? இருந்தாலும் கேட்டார். "இன்னொரு தடவ குடும்மா. நாளைக்கே நடந்து காட்டுறேன்."

"கருவியெல்லாம் அடுத்த குழுவுக்குப் போயிடுச்சு. பேரும் நேத்தே போயாச்சு." அவள் ஒரு நோட்டில் ஏதோ இரண்டு வரி எழுதிக்கொண்டாள். "ஆறு மாசத்துல முதல் ஆளா உங்கள வச்சுக்கிறேன்."

பேர்ப் பட்டியல் கீழே சுவரில் ஒட்டியிருந்தது. பஸ் டிரைவர் அதில் மூன்றாவது. வாசலில் எதிர்ப்பட்டபோது டிரைவர் சிரிக்கவில்லை. "அண்ணே, உங்க பேர் இல்லையே?" என்றார். நடந்ததைக் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "நானும் பாதி தடவ நெசமாத்தான்ணே நின்னேன். பாதிதான் சும்மா. நீங்க நெசமா நின்னத இப்படி வழிச்சுப் போட்டுட்டீங்களே."

வீட்டில் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பொறுக்கமுடியவில்லை. கடைசியில் அவரே, "ஏதாவது திட்டேன்" என்றார்.

"எதச் சொல்லித் திட்ட? பொய் சொல்லியிருந்தா திட்டலாம்."

டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் நடந்தார். நடப்பதற்கென்று புது ஷூ ஒன்று வாங்கினாள் மனைவி. சிகரெட்டை விட்டுவிட்டார், இப்போது வலித்தால் வெறுங்கையோடு நின்றார். ஒரு நாள் வேலைக்கு முன், ஐந்தரை மணிக்கு, தையல்காரம்மா வீட்டுச் சுவரருகே கால் பிடித்துக்கொண்டது. சுவரில் கையை ஊன்றி நின்றார்.

காலடியில் ஏதோ இருமியது. குழிக்குள்ளிருந்து சர்ரென்று ஒரு சத்தம். கொக்கிக் கம்பி இல்லை. விரல் நகத்தால் மூடியை நெம்பித் தூக்கினார். நட்சத்திரச் சக்கரம் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எண்கள் நகர்ந்தன. குழாயில் தண்ணீர் இன்னும் வந்திருக்கவில்லை. தண்ணீருக்கு முன்னால் காற்று வந்துகொண்டிருந்தது. அவருடைய சோதனையெல்லாம் தண்ணீர் வந்த பிறகு, பகல் வேளையில்.

ஜன்னல் திறந்தது. தையல்காரம்மா ஒரு ஸ்டூலோடு வெளியே வந்து, அவர் பக்கத்தில் வைத்தார்.

"காத்துல ஓடுது" என்றார் மீட்டர்காரர்.

"ஒம்பது வருஷமா ஓடுது. உக்காருங்க."

உட்கார்ந்தார். தையல்காரம்மா சுவரைக் காட்டினார். "இந்த இடத்துலதான் நீங்க எப்பவும் நிப்பீங்க. சிகரெட் பத்தவைப்பீங்க, ஆனா ஒரு இழுப்புதான் இழுப்பீங்க. மிச்சம் கையிலயே கரியும். பல்லக் கடிச்சுக்கிட்டு நிப்பீங்க. இந்த மனுஷனுக்குக் கால்ல என்னமோன்னு நானும் ஆறு வருஷமா பாக்குறேன்."

ஆறு வருடம் அவர் நின்றதற்கு ஒரு சாட்சி இருந்திருக்கிறது. அவர் ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னார். முழுதும் கேட்டுவிட்டுத் தையல்காரம்மா, "நான் வேணா எழுதித் தரட்டுமா?" என்றார். "நிக்கிறத என் கண்ணால பாத்தேன்னு?"

"யாரும்மா ஏத்துக்குவாங்க? மிஷின் ஒண்ணு சொல்லியிருக்கிறப்ப ஒரு ஆள் சொல்றத?"

"ஆமா" என்றார் தையல்காரம்மா, நூலைப் பல்லால் கடித்து அறுப்பதுபோல. "நான் சொன்னப்ப நீங்களும் ஏத்துக்கலயே."

அன்று அலுவலகத்தில் அவர் எழுபத்து நாலாம் வீட்டைப் பற்றித் தனித் தாளில் எழுதினார்: 'தண்ணீர் வருமுன் காற்றில் ஓடுகிறது. நேரில் கண்டேன். மாற்ற வேண்டும்.' இரண்டு வாரத்தில் தாள் திரும்பி வந்தது. 'பலமுறை சோதித்ததில் சரி' என்று முத்திரை. ஆதாரமாக இணைத்திருந்தவை ஒன்பது வருடச் சோதனைச் சீட்டுகள். எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து.

நான்காம் மாதம் அந்தப் புது ஷூ வலது கட்டைவிரலைக் கடித்தது. கொண்டைக்கடலை அளவு புண். ரத்தம் போகாத இடத்தில் புண் ஆறாது என்பது மனைவிக்குத் தெரியாது. அவள் மஞ்சள் அரைத்துப் பூசிய இடம் நீலமாயிற்று. அவர் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார், துணி சுற்றிக்கொண்டு, மூடிகளைச் சத்தமில்லாமல் இறக்கிக்கொண்டு. நீலம் கறுப்பானபோது ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். கம்பி விட்டுப் பார்த்தார்கள்; வேளை கடந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டுக் காலை எடுத்தார்கள். டிரைவர் பார்க்க வந்தார். இரண்டு காலால் நடந்து வந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறவர் போலக் கட்டிலின் ஓரத்திலேயே நின்றிருந்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரிக் கடிதம், மாடி அறையிலிருந்து. மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டிலருகே நின்று படித்தாள். வரும் மாதம் அவருக்கு இரண்டாம் முறை நடை அளக்கப்போகிறார்களாம். முதல் நாள், முதல் ஆள். 'நடப்பதற்கு வசதியான காலணி அணிந்து வரவும்.'

"எந்தக் காலுக்குன்னு எழுதலயே" என்றாள் அவள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மேல படி."

"எதுக்கு? கிழிச்சுப் போடுறேன்."

"படிம்மா. எப்படி அளக்கணும்னு போட்டிருப்பாங்க."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படித்தாள். திறந்த மைதானம். ஒரு மணி நேரம். வலி வந்தால் நிற்கவும். வலி போனதும் நடக்கவும். அதற்குக் கீழே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. அதை அவள் மெதுவாகப் படித்தாள்: 'நிற்கும்போது கருவியை அணைக்கக் கூடாது.'

மீட்டர்காரர் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். அந்த வரியை இரண்டு முறை படித்தார், மீட்டர் எண்ணைப் படிப்பதுபோல.

"முன்னாடி இந்த வரி இல்ல" என்றார்.